முகத்துக்கு ஏற்ற பல்லும் வருவாய்க்கு ஏற்ற சிகிச்சையும்

முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போது வங்கிக் கிளைகளில் தனிநபர் கடன் விண்ணப்பங்கள் கூடுவது வழக்கம். விண்ணப்பத்தில் கடனின் நோக்கத்தைக் குறிப்பிட ஓர் இடம் உண்டு. முன்பெல்லாம் அதில் நகை, மண்டபம், சமையல், சீர்வரிசை என்றே எழுதப்பட்டிருக்கும். அண்மைக் காலமாகப் ‘பல் சிகிச்சை’ என்பதும் அந்த இடத்தில் தென்படத் தொடங்கியிருக்கிறது. விளக்கம் கேட்டால், சொத்தையோ வலியோ அன்று, சிரிப்பை அழகுபடுத்தும் சிகிச்சை என்பது தெரியவருகிறது. சில விண்ணப்பங்களுடன் விலைப்பட்டியலும் இணைக்கப்பட்டிருக்கும்: மேல்வரிசையில் 10 பற்கள், கீழ்வரிசையில் 10 பற்கள், பல் ஒன்றுக்கு இவ்வளவு, ஆகமொத்தம் இவ்வளவு. அந்தப் பற்கள் எத்தகைய முகத்தில் அமையப் போகின்றன என்பது மட்டும் அப்பட்டியலில் எங்கும் இராது.

நாம் வணிகவியல் படித்து வங்கிப் பணிக்கு வந்தவர்கள். பல் மருத்துவம் கற்றவர்கள் அல்லர். ஆயினும், ஒரு குடும்பத்தின் மூன்றாண்டுச் சேமிப்பை எடுத்துக்கொள்ளக்கூடிய செலவு எதுவாயினும் அதைப் பற்றி ஓரளவேனும் அறிந்துகொள்வது கடன் வழங்குவோரின் கடமை என்று கருதுகிறோம். அவ்வாறு அறிந்துகொண்ட வகையில் நமக்கு ஏற்பட்டுள்ள கருத்து இதுதான்: அழகியல் பல் மருத்துவம் பயனுள்ள கலை, ஆனால் அது முகத்திலிருந்து தொடங்கும்போது மட்டுமே பயன் தருகிறது. முகத்திலிருந்து தொடங்கும் சிகிச்சை பெரும்பாலும் சிறியதாகவும் செலவு குறைந்ததாகவும் முடிகிறது. விலைப்பட்டியலிலிருந்து தொடங்கும் சிகிச்சையோ இருபது பற்களில்தான் போய் நிற்கிறது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விலக்க வேண்டும். பல்லை அழகுபடுத்திக்கொள்வது வீண் பகட்டு என்று சொல்லும் பெரியவர்கள் பலர் உள்ளனர். அக்கருத்தை நாம் ஏற்கவில்லை. தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தையும் ராஜஸ்தானின் பல பகுதிகளையும் எண்ணிப் பாருங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த அப்பகுதிகளில், நிலைப் பல் உருவாகும் வயதில் அந்நீரைக் குடித்த குழந்தைகளின் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் நிலையாகப் படிந்துவிடுகின்றன. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் இதே துன்பம் இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டதற்குக் காரணமே அதுதான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருப்பது விரும்பத்தக்கதன்று; வேறு நீர் கிடைக்காத இடங்களிலும் 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். எவ்வளவு துலக்கினாலும் போகாத அக்கறைக்கு அந்தப் பிள்ளைகள் எவ்வகையிலும் பொறுப்பாளிகள் அல்லர். இருந்தும் பெண் பார்க்க வந்தவர்களும் நேர்காணல் நடத்துபவர்களும் அதைத் துப்புரவுக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் இளைஞர்களை எங்கள் முகப்பிலும் காண்கிறோம். அவர்களுக்கு இச்சிகிச்சை பகட்டாகாது. விபத்தில் முன்பல் உடைந்தவர்களுக்கும், பிறவியிலேயே பல் ஒன்று முளைக்காதவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆக, செய்துகொள்ளலாமா என்பதைவிட, எதை எவ்வளவு செய்துகொள்வது என்பதே சரியான கேள்வி. அதற்கு விடை காண முகத்தைப் பார்க்க வேண்டும்.

பல்லுக்கும் முகத்துக்கும் உள்ள பொருத்தத்தை ஒரு விதியாக வகுத்துவிட நெடுங்காலமாக முயன்று வந்திருக்கிறார்கள். 1914ஆம் ஆண்டு லியோன் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், மேல்வரிசை நடுப்பல்லைத் தலைகீழாக்கிப் பார்த்தால் அம்மனிதரின் முகவடிவமே தெரியும் என்று கூறினார். சதுர முகத்துக்குச் சதுரப் பல், கீழ்நோக்கிக் குறுகும் முகத்துக்குக் குறுகும் பல், முட்டை வடிவ முகத்துக்கு அவ்வடிவப் பல் என்பது அவர் கண்ட இணக்கம். செயற்கைப் பல் தயாரிப்பாளர்களுக்கு இது மிகவும் வசதியான கொள்கை; அவர்களுடைய அச்சுவரிசைகளில் அப்பிரிவுகள் இன்றும் உள்ளன. பின்னாளில் இயற்கைப் பற்களையே அளந்து பார்த்தவர்கள், பலருக்கும் அப்பொருத்தம் இல்லை என்று கண்டார்கள். 1970களில் பொன் விகிதம் என்னும் கணக்கு வந்தது. நேர்முகமாகப் பார்க்கும்போது நடுப்பல்லின் அகலத்தில் ஏறத்தாழ 62 சதவீதமே அடுத்த பல்லின் அகலமாகத் தோன்ற வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கும் அதே கதிதான். அழகான சிரிப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வாய்களிலேயே அந்த விகிதம் அரிதாகத்தான் அமைந்திருக்கிறது. கணக்கில் பழகிய நமக்குச் சிறிது ஏமாற்றம்தான். ஐந்தொகையைப் போல முகத்தையும் நேர்செய்துவிட முடிவதில்லை.

அப்படியானால் தேர்ந்த பல் மருத்துவர் எதைத்தான் பார்க்கிறார்? பல்லைவிட உதட்டையே அதிகம் பார்க்கிறார். வாயைத் தளர விட்டு அமர்ந்திருக்கும்போது மேலுதட்டின் கீழே முன்பற்கள் எவ்வளவு தெரிகின்றன என்பது முதல் அளவு. இளம்பெண்களுக்கு அது 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவும், இளைஞர்களுக்கு 2 மில்லிமீட்டர் அளவிலும் இருக்கும். வயது கூடக் கூட மேலுதடு தளர்ந்து இறங்குவதால் மேற்பற்கள் மறைந்து கீழ்ப்பற்கள் தெரியத் தொடங்கும். முதுமைத் தோற்றத்தைத் தருவது சுருக்கம் மட்டுமன்று, இம்மாற்றமும்தான். தேய்ந்த முன்பற்களின் நுனியில் 1 மில்லிமீட்டரைக் கூட்டினாலே முகம் சில ஆண்டுகள் இளமையாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

புன்னகைக்கும்போது மேல்முன்பற்களின் நுனிகள் சேர்ந்து ஒரு வளைவாகத் தோன்றும். அவ்வளைவு கீழுதட்டின் வளைவைத் தழுவிச் செல்லுமாயின் சிரிப்பு இயல்பாக இருக்கும். நுனிகள் அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் நேர்கோடாக இருந்தால் எங்கோ ஒரு விறைப்பு தெரியும். முகத்தின் நடுக்கோடும் பல்வரிசையின் நடுக்கோடும் ஒன்றாதல் வேண்டும் என்று கவலைப்படுவோர் உண்டு. 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பல்வரிசையின் நடுக்கோடு 4 மில்லிமீட்டர் விலகியிருந்த படங்களைக் காட்டியபோதும் பொதுமக்கள் அதைக் குறையாகக் கருதவில்லை. ஆனால் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் கண் உடனே கண்டுகொள்கிறது. எனவே நடுக்கோட்டை மட்டும் சரிசெய்வதற்காக இரண்டு ஆண்டுகள் கம்பி கட்டிக்கொள்ளத்தான் வேண்டுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

இன்னொரு சோதனை தமிழருக்குச் சுவையானது. முன்பல்லின் நீளம் சரியாக இருக்கிறதா என்று அறிய, பல்லும் உதடும் சேர்ந்து ஒலிக்கும் எழுத்துகளைச் சொல்லச் சொல்வார்கள். மேற்பல்லின் நுனி கீழுதட்டின் ஈரப்பகுதியை மெல்லத் தொட வேண்டும். பல் நீண்டுவிட்டால் உதட்டில் இடிக்கும். குறுகிவிட்டால் ஒலி கசியும். வகரம் பல்லும் இதழும் இயைந்து பிறப்பது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துச் சொல்லியிருப்பதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். புதுப் பல் பொருத்திக்கொள்ளச் செல்பவர், ‘வாருங்கள்’ என்று சொல்லிப் பார்ப்பது நல்ல உரைகல்.

நிறத்துக்கு வருவோம், பணம் வீணாவது பெரும்பாலும் இங்குதான். மருத்துவர்கள் நிறம் ஒப்பிடப் பயன்படுத்தும் வழக்கமான மாதிரி வரிசையில் 16 நிறங்கள் உள்ளன. செம்பழுப்புச் சாயல், மஞ்சட்சாயல், சாம்பற்சாயல் எனப் பிரிந்த அவற்றுள் ஒன்றுகூடத் தூய வெள்ளை அன்று. இயற்கைப் பல் நுனியில் சற்று ஒளி ஊடுருவுவதாகவும், ஈறை நெருங்க நெருங்க நிறம் அடர்ந்ததாகவும் இருக்கும். கோரைப்பல் மற்ற முன்பற்களைவிட ஒரு படி மஞ்சளாகவே இருக்கும். விளம்பரங்களில் நாம் காணும் சுண்ணாம்பு வெண்மை அந்த 16 நிறங்களுக்கும் அப்பாற்பட்டது. இந்தியரின் மாநிறத்திலும் கருநிறத்திலும் பல் ஏற்கெனவே இருப்பதைவிட வெளுப்பாகத்தான் தெரியும்; தோலின் நிறமே அதற்கு உதவுகிறது. அம்முகத்தில் சுண்ணாம்பு வெண்மையை வைத்தால், காண்பவர் கண் முகத்தை விட்டுப் பல்லிலேயே நின்றுவிடும். கண்விழியின் வெண்மையைவிடப் பல்லின் வெண்மை மிஞ்சலாகாது என்பது மருத்துவர்களிடையே வழங்கும் ஓர் எளிய அளவு. அலைபேசியில் வரும் எல்லா விளம்பரங்களைக் காட்டிலும் இந்த ஒரு வரி பயனுள்ளது.

ஒரே வகைப் பல்லமைப்பே அழகு என்பதும் உண்மையன்று. வரிசையிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் கோரைப்பல்லை நாம் தெற்றுப்பல், சிங்கப்பல் என்று சொல்லித் திருமணத்துக்கு முன் சரிசெய்யத் துடிக்கிறோம். ஜப்பானில் அதற்கு யாயெபா என்று பெயர். 2010களின் தொடக்கத்தில் அங்குள்ள இளம்பெண்கள் சிலர் அது குழந்தைத்தனமான அழகு தருவதாகக் கருதி, பணம் கொடுத்துத் தம் கோரைப்பல்லின் மேல் செயற்கைத் துருத்தலை ஒட்டிக்கொண்டார்கள். இங்கே எடுப்பதற்குப் பணம், அங்கே வைப்பதற்குப் பணம். தெற்றுப்பல் சிரிப்புக்கென்றே விரும்பப்பட்ட திரை நடிகையர் நம்மிடையேயும் உண்டு. ஆயினும் பற்கள் நெருங்கித் துலக்க முடியாமல் சொத்தை விழுமானால் சரிசெய்துகொள்வதே அறிவுடைமை. அது உடல்நலக் காரணம். அழகு அதனுடன் இலவசமாக வருவது.

முகத்தைப் பார்த்துத் தொடங்கும் மருத்துவர் எவ்வரிசையில் செல்வார்? முதலில் சுத்தம் செய்தல். ஈறு வீங்கிச் சிவந்திருக்கும் வாயில் எந்த அழகு வேலையும் நிலைக்காது. தேநீர், வெற்றிலை, புகையிலைக் கறைகள் இதிலேயே பெருமளவு நீங்கிவிடும். பற்காரை எடுத்தால் பல் ஆடிவிடும் என்னும் அச்சம் நம் மக்களிடையே இன்னும் இருக்கிறது. காரை எடுத்ததால் பல் ஆடுவதில்லை. காரையே எலும்பை அரித்திருந்தால், அது மறைத்து வைத்திருந்த ஆட்டம் அப்போது வெளிப்படும், அவ்வளவே. அடுத்து, தேவைப்பட்டால் பெராக்சைடு களிம்பு கொண்டு வெளுத்தல். இதில் சில நாள் பல்கூச்சம் வரலாம், பல் தேய்வதில்லை. ஆனால் ஏற்கெனவே அடைத்த அடைப்பும் போட்ட உறையும் இதனால் வெளுக்கா. எனவே அவற்றின் நிறத்தை எப்படிப் பொருத்துவது என்பதை முன்பே கேட்டறிய வேண்டும். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, கரித்தூள் ஆகியவற்றால் வீட்டில் தேய்ப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அமிலமும் உராய்வும் தேய்ப்பது கறையை மட்டுமன்று.

ஃபுளோரைடு கறை இலேசாக இருந்தால் மேற்பரப்பை மிகமிக மெல்லியதாகத் தேய்த்து எடுக்கும் முறை உண்டு. உடைந்த நுனிக்கும் முன்பல் சந்துக்கும் பல் நிறப் பசையை ஒட்டி உருவாக்கும் முறை உண்டு. இதற்குப் பல்லைச் சீவ வேண்டியதில்லை, அல்லது மிகச் சிறிதளவே சீவ வேண்டும். ஒரே அமர்வில் முடிந்துவிடும்; பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். சில ஆண்டுகளில் கறை ஏறும், ஓரம் உடையும், மீண்டும் செப்பனிடலாம். ஓர் இளைஞரின் முதல் சிகிச்சையாக இருக்கத்தக்கது இதுவே என்பது நம் கருத்து. வரிசை தவறியிருப்பின் கம்பியோ ஒளிபுகும் அலைனரோ கொண்டு பல்லை நகர்த்தலாம். பெரும்பாலும் பல்லைச் சீவ வேண்டாத சிகிச்சை அது; ஆனால் 18 முதல் 24 மாதங்கள் பொறுமை வேண்டும்.

பொறுமை இல்லாத இடத்தில்தான் வெனீர் நுழைகிறது. பல்லின் முன்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் தகடு அது. இதன் தொடக்கமே சற்று வேடிக்கையானது. 1930களை ஒட்டி ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்னும் பல் மருத்துவர், படப்பிடிப்பு நேரத்தில் மட்டும் நடிகர்களின் பல்லின்மேல் ஒட்டிக்கொள்ளத் தகடுகள் செய்து கொடுத்தார். குழந்தை நட்சத்திரம் ஷர்லி டெம்பிளின் விழுந்த பால் பற்களின் இடத்தையும் அவர் இவ்வாறே மறைத்தார். படப்பிடிப்பு முடிந்ததும் எடுத்துவிட வேண்டும், சாப்பிட முடியாது. அமிலத்தால் எனாமலைச் சற்றுச் சொரசொரப்பாக்கினால் பசை உறுதியாகப் பற்றும் என்று மைக்கேல் புவோனோகோர் 1955இல் காட்டினார். 1980களில் பீங்கானையும் அவ்வாறே ஒட்ட வழி பிறந்தது. ஒரு நாள் வேடமாக இருந்தது அப்போதுதான் வாழ்நாள் ஏற்பாடாயிற்று.

நல்ல கையில் வெனீர் மிக அழகானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதை ஒட்டுவதற்குப் பெரும்பாலும் பல்லின் முன்பக்கத்தை 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை சீவ வேண்டியிருக்கிறது. எனாமல் நம் உடலில் மீண்டும் வளராத பொருள். நகமும் முடியும் வளரும், எலும்பு கூடும். எனாமல் போனது போனதுதான். முழு உறையாயின் நிலைமை இன்னும் கடினம். பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும். 2002இல் வெளியான அளவீடு ஒன்றின்படி, வெனீருக்காகப் பல்லின் வெளித்தெரியும் பகுதியில் 3 முதல் 30 சதவீதம் வரை நீங்குகிறது. முழு உறைக்கு 63 முதல் 72 சதவீதம் வரை நீங்குகிறது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு! வாடிக்கையாளர் ‘வெனீர்’ என்று கேட்டு ‘உறை’யைப் பெற்று வருவதும் நடக்கிறது. சீவும் முன் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை பக்கம் என்று கேளுங்கள். விடையை எழுத்தில் பெறுங்கள்.

வங்கிக்காரரின் கண்ணுக்கு இங்கே வேறொன்றும் தெரிகிறது. வெனீரை நாம் ஒரு சொத்தாக எண்ணி வாங்குகிறோம். உண்மையில் அது ஒரு தொடர் பொறுப்பு. நன்றாகப் பேணினால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை நிற்கும் என்பது பொதுவாக எதிர்பார்க்கப்படுவது. 26 வயதில் பொருத்திக்கொள்பவர் 40 வயதை ஒட்டி ஒரு முறை, 50களில் ஒரு முறை, 60களில் ஒரு முறை மாற்ற நேரிடும். சீவிய பல்லை வெறுமனே விட இயலாது ஆகையால், ‘இனி வேண்டாம்’ என்று நிறுத்திக்கொள்ளும் உரிமையும் அவருக்கு இல்லை. கடன் மூன்றாண்டில் முடியும், இப்பொறுப்பு முடிவதில்லை. 20 பற்களுக்கான விலைப்பட்டியலில் இரண்டாவது, மூன்றாவது தவணைச் சிகிச்சைகளின் விலையும் அச்சிடப்பட்டிருக்குமானால் எத்தனை பேர் கையொப்பமிடுவார்கள்?

கடனின் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 2,00,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் 36 மாதத் தவணைக்கு எடுத்தால் மாதம் ஏறத்தாழ 6,836 ரூபாய் செலுத்த வேண்டும். வட்டி மட்டும் 46,000 ரூபாயை ஒட்டி வரும். இதைத் தவிர்க்கவே பலர் மருத்துவமனையிலேயே கிடைக்கும் ‘வட்டியில்லாத் தவணை’யை நாடுகிறார்கள். வட்டியில்லாமல் பணம் தருபவர் யாரும் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியிலோ செயலாக்கக் கட்டணத்திலோ அவ்வட்டி ஒளிந்திருக்கும். கடன் அட்டைகளின் பூச்சிய வட்டித் திட்டங்களில் வட்டி இவ்வாறு மறைக்கப்படுவதை ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டி வங்கிகளைக் கண்டித்தது. இப்போது வாடிக்கையாளருக்கு ஒரு நல்ல கருவி கிடைத்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் தரும் நிறுவனம் கட்டாயம் தர வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தவணைத் திட்டத்தில் வேறோர் இடரும் உண்டு. கடன் நிறுவனம் முழுத் தொகையையும் முதல் நாளே மருத்துவமனைக்குச் செலுத்திவிடும். சிகிச்சையோ பல மாதங்கள் நீளும். இடையில் மருத்துவமனை மூடப்பட்டால் பல் பாதியில் நிற்கும், கடன் நிற்காது. அமெரிக்காவில் அலைனர்களை வீட்டுக்கே அனுப்பி வந்த ஸ்மைல்டைரக்ட்கிளப் என்னும் நிறுவனம் 2023 டிசம்பரில் செயல்பாட்டை நிறுத்தியபோது, சிகிச்சை முடியாத வாடிக்கையாளர்கள் மீதித் தவணைகளைத் தொடர்ந்து செலுத்த வேண்டும் என்றே அறிவிக்கப்பட்டது. எனவே சிகிச்சையின் கட்டங்களுக்கு ஏற்பப் பணத்தைப் பகுதி பகுதியாகச் செலுத்தும் ஏற்பாடே பாதுகாப்பானது. வங்கியில் தனிநபர் கடன் பெற்றாலும் தொகை உங்கள் கணக்குக்கு வருவதால் இந்தப் பிடி உங்கள் கையில் இருக்கும். அதைவிட நல்ல வழி, இரண்டாண்டுச் சிகிச்சைக்கு இரண்டாண்டுச் சேமிப்பு. மாதம் 4,000 ரூபாயைத் தொடர் வைப்பில் இட்டு வந்தால் 24 மாதங்களில் 96,000 ரூபாயும், 6.5 சதவீத விகிதத்தில் 6,000 ரூபாய்க்கு மேல் வட்டியும் சேரும். மகளுக்கு 23 வயதில் வரன் பார்க்கத் தொடங்குவோம் என்று எண்ணும் பெற்றோர் 20 வயதிலேயே பல் மருத்துவரைக் காண்பது நல்லது. முகூர்த்தத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது போனால் சீவுவதைத் தவிர வேறு வழி கிடைப்பதில்லை.

காப்பீட்டை நம்பிச் செல்லாதீர்கள். அழகுக்கான சிகிச்சை உடல்நலக் காப்பீட்டின் வழக்கமான விலக்குகளுள் ஒன்று. விபத்தால் ஏற்பட்ட பல் சேதத்துக்கே பெரும்பாலான பாலிசிகள் இடமளிக்கின்றன. மதிப்பீட்டுத் தொகை வரி உட்பட்டதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அழகு நிலையங்களில் வெனீர் ஒட்டுவதாக வரும் அழைப்புகளை முற்றிலும் தவிருங்கள். பதிவு பெற்ற பல் மருத்துவரே பல் சிகிச்சை செய்யலாம் என்பது 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்திலிருந்தே இந்நாட்டின் விதி. சீவுவதற்கு முன், புதிய வடிவத்தைத் தற்காலிகப் பசையால் உங்கள் பல்லின் மேலேயே அமைத்துக் காட்டச் சொல்லலாம். திரையில் காட்டும் படத்தைவிட அது மேல். வீட்டாரிடம் பேசிக் காட்டலாம், ‘வாருங்கள்’ சொல்லிப் பார்க்கலாம். அதைச் செய்துகாட்ட மறுக்கும் இடத்தில் முன்பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது தகும்.

இளைஞர்களைப் பற்றியே இதுவரை பேசினோம். முகத்தைப் பல் எவ்வளவு தாங்குகிறது என்பதை அறிய முதியோரைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நவம்பரிலும் வாழ்வுச் சான்று அளிக்க ஓய்வூதியர்கள் கிளைக்கு வருகிறார்கள். கோப்பில் உள்ள புகைப்படத்தையும் எதிரே நிற்பவரையும் ஒப்பிடுவது எங்கள் பணி. பற்களை இழந்தவரின் முகம் ஓராண்டில் பத்தாண்டு முதிர்ந்திருக்கும். மேல்பற்களின் தாங்கல் போனதால் உதடு உள்வாங்கும், தாடைகள் நெருங்கி மூக்கும் முகவாயும் அணுகும், கன்னம் குழியும். இவ்வளவையும் ஒருசேர மீட்டுத் தருவது சரியாகச் செய்யப்பட்ட பல்செட்டு. அதில் பல்லின் நிறத்தையும் வரிசையையும் காட்டிலும் தாடைகளுக்கு இடையேயான உயரம் முக்கியம். அந்த உயரம் சரியாக அமைந்தால் முகத்தின் கீழ்ப்பகுதி பழைய நீளத்தைப் பெறும். மென்று தின்னவும் திருத்தமாகப் பேசவும் முடியும். அழகியல் பல் மருத்துவத்தில் முகத்துக்கு மிகுந்த பயன் தருவது இதுவே என்பது நம் துணிபு. ஆனால் ‘இந்த வயதில் எதற்கு’ என்று பெரியவரும் சொல்வார், பிள்ளைகளும் அதை ஏற்றுக்கொள்வார்கள். பேத்தியின் 20 வெனீர்களுக்கு விண்ணப்பம் வரும் வீட்டில், தாத்தா கஞ்சியும் குழைந்த சோறும் உண்டு கொண்டிருப்பதைப் பார்க்கிறோம்.

இதற்குக் கடன் தேவைப்படுவதுகூட அரிது. நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியாக 1920இல் தோன்றிய கொல்கத்தாவின் டாக்டர் ஆர். அகமது கல்லூரி, மும்பையின் நாயர் மருத்துவமனைக் கல்லூரி, டெல்லியின் மௌலானா ஆசாத் நிறுவனம், சென்னையின் அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற அரசு, மாநகராட்சி நிறுவனங்களில் தனியார் கட்டணத்தின் சிறு பகுதிக்கே பல்செட்டு செய்துகொள்ளலாம். பலமுறை போய்வர வேண்டும்: அச்செடுக்க ஒரு நாள், தாடை உயரம் குறிக்க ஒரு நாள், மெழுகில் பல் அடுக்கிப் பார்க்க ஒரு நாள், பொருத்த ஒரு நாள், உரசும் இடத்தைத் திருத்த மேலும் ஓரிரு நாள். மெழுகில் அடுக்கிப் பார்க்கும் அந்த நாளில் வீட்டார் ஒருவர் உடன் செல்வது நல்லது. முதியவரின் பழைய புகைப்படம் ஒன்றையும், முடிந்தால் சிரித்த முகத்துடன் உள்ள திருமணப் படத்தையே, எடுத்துச் செல்லுங்கள். முன்பல் சந்து அன்று இருந்திருந்தால் அதையும் அப்படியே வைக்கச் சொல்லலாம். மெழுகாக இருக்கும்வரை மாற்றுவது எளிது.